வேலி போட்டவர்களின் கதை: வன்தட்டை ஏன் பிரித்தார்கள்?

எமது பாடசாலைக் கணினி அறையில் நடந்த ஒரு விடயத்தை முதலில் சொல்லிவிடுகிறோம். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் இதை வாசிக்கும் பெற்றோரும் பழைய மாணவர்களும் அதே பிழையை வீட்டில் செய்துவிடக்கூடாது என்பதற்காகச் சொல்கிறோம்.

சில வருடங்களுக்கு முன்னர் பாடசாலை மலருக்காக உயர்தர மாணவர்கள் ஊரின் மூத்தவர்களைத் தேடிப்போய்க் குரல் பதிவு செய்தார்கள். 1978 சூறாவளி அடித்த இரவு, பழைய கலியாண வீடுகள், கரைவலை இழுத்த காலம் என்று ஒவ்வொருவரும் மணிக்கணக்காகப் பேசியிருந்தார்கள். எல்லாப் பதிவுகளும் கணினி அறையின் மூலையில் இருந்த ஒரே கணினியில் சேர்க்கப்பட்டன. அதில் லினக்ஸ் போட்டிருந்தோம். புதிய பதிப்பு வந்ததும் ஒரு விடுமுறை நாளில் அதை மீண்டும் நிறுவ உட்கார்ந்தோம். திரையில் கேள்வி வந்தது. தட்டு முழுவதையும் அழித்து நிறுவவா, அல்லது பிரிவுகளை நீங்களே தெரிவு செய்கிறீர்களா? இரண்டாவது தெரிவு எமக்குப் புரியவில்லை. முதலாவதை அழுத்தினோம். அரை மணித்தியாலத்துக்குள் வேலை முடிந்தது. சந்தோசமாக வீட்டுக்குப் போனோம்.

திங்கட்கிழமை ஒரு மாணவி வந்து கேட்டார்: "சேர், எங்கட ரெக்கோடிங் ஃபோல்டர் எங்க?"

அந்தக் கேள்விக்கு எங்களிடம் பதில் இருக்கவில்லை. வேறு பிரதியும் இருக்கவில்லை. பதிவில் பேசியிருந்த மூத்தவர்களில் இருவர் அதற்குள் மௌத்தாகியிருந்தார்கள். மற்றவர்களிடம் மாணவர்கள் மீண்டும் போனார்கள். அந்த இருவரின் குரலுக்காக எங்கே போவது?

அதன் பின்னர்தான் அந்த இரண்டாவது தெரிவின் வரலாற்றைத் தேடி வாசிக்க ஆரம்பித்தோம். வாசித்ததை எளிமையாக இங்கே பகிர்கிறோம். ஹார்ட் டிஸ்க் என்று நாம் சொல்லும் வன்தட்டை ஒரு வளவு என்று நினைத்துக்கொள்ளுங்கள். பார்ட்டிஷன் என்பது அந்த வளவுக்குள் போடும் வேலி. ஒவ்வொரு வேலியையும் யாரோ ஒரு காரணத்துக்காகப் போட்டிருக்கிறார்கள். அந்தக் காரணம் இன்னும் இருக்கிறதா என்பதுதான் நாம் கேட்க வேண்டிய கேள்வி.

*முதல் வேலி: இடம் போதாமை*

அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் 1969இல் கென் தொம்சன், டெனிஸ் ரிச்சி ஆகியோரும் அவர்களது நண்பர்களும் யுனிக்ஸ் என்ற பணிசெயல் முறைமையை ஆரம்பித்தார்கள். இன்றைய லினக்ஸ், மெக், அன்ட்ராய்ட் எல்லாவற்றுக்கும் ஏதோ ஒரு வழியில் மூதாதை அதுதான். 1970களின் ஆரம்பத்தில் அது பிடிபி 11 என்ற கணினியில் ஓடியது. அதன் முதலாவது தட்டின் கொள்ளளவு சுமார் 512 கிலோபைட். இன்று உங்கள் கைத்தொலைபேசியில் எடுக்கும் ஒரு புகைப்படம் பெரும்பாலும் அதற்குள் அடங்காது. அவ்வளவு சிறிய இடத்தில் ஒரு முழு முறைமையே வாழ்ந்தது.

அந்தச் சிறிய தட்டு வேகமானது. எனவே முறைமை எழும்புவதற்குத் தேவையானவற்றை அதில் வைத்தார்கள். அதுவே 'ரூட்', அதாவது வேர். இரண்டாவது தட்டு கழற்றி மாட்டக்கூடியது, சுமார் இரண்டரை மெகாபைட். அதில் பயனர்களின் சொந்தக் கோப்புகளை வைத்தார்கள். பயனர் என்பதைச் சுருக்கி அந்த இடத்துக்கு 'யு.எஸ்.ஆர்.' என்று பெயரிட்டார்கள். கென்னின் கோப்புகளும் டெனிஸின் கோப்புகளும் இருந்தது அங்கேதான்.

முறைமை வளர்ந்தது. நிரல்கள் கூடின. முதல் தட்டு நிரம்பியதும் மிஞ்சிய நிரல்களை எங்கே வைப்பது? பயனர்களின் தட்டில் இடம் இருந்தது, அங்கே வைத்தார்கள். இதனால்தான் நிரல்களுக்கு 'பின்' என்ற பெயரில் ரூட்டில் ஒரு கோப்புறையும், அதே பெயரில் யு.எஸ்.ஆருக்குள் இன்னொரு கோப்புறையும் உருவாகின. இரண்டாவது தட்டைப் பொருத்துவதற்குத் தேவையான நிரல் முதல் தட்டில் இருந்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் திறப்பைப் பெட்டிக்குள் வைத்துப் பெட்டியைப் பூட்டிய கதையாகிவிடும். எந்த நிரல் எந்தப் பக்கம் என்பதை அன்று தீர்மானித்தது இந்த நெருக்கடிதான்.

பின்னர் பயனர்களின் கோப்புகளை வேறு இடத்துக்குக் கொண்டுபோனார்கள். பெரும்பாலான லினக்ஸ்களில் அந்த இடத்தின் பெயர் 'ஹோம்'. யு.எஸ்.ஆரில் பயனர் யாரும் இல்லை, பெயர் மட்டும் மிஞ்சியது. தட்டுகள் ஆயிரம் மடங்கு, இலட்சம் மடங்கு பெரிதான பிறகும் இந்த இரட்டை ஏற்பாட்டை ஒவ்வொரு தலைமுறையும் அப்படியே பின்பற்றியது. ஏன் என்று கேட்டவர்களுக்குப் புதிய புதிய விளக்கங்கள் சொல்லப்பட்டன. ஏறத்தாழ 40 வருடங்கள் கழித்து, 2012இல் வெளிவந்த ஃபெடோரா 17 இரண்டையும் ஒன்றாக்கியது. டெபியன் 2023இல் வெளியிட்ட 12ஆம் பதிப்பில் அதைக் கட்டாயமாக்கியது.

*இரண்டாவது வேலி: எண் போதாமை*

1974இல் தொம்சனும் ரிச்சியும் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில் தமது கணினியை விபரிக்கிறார்கள். 1 மெகாபைட் தட்டு ஒன்று, தலா 2.5 மெகாபைட் கொள்ளும் தட்டுகள் நான்கு, 40 மெகாபைட் கொள்ளும் பெரிய தட்டு ஒன்று. இந்தப் பெரிய தட்டில் ஒரு சிக்கல் இருந்தது.

அக்கால யுனிக்ஸ் தட்டை 512 பைட் கொண்ட கட்டங்களாகப் பார்த்தது. ஒவ்வொரு கட்டத்துக்கும் ஓர் இலக்கம். அந்த இலக்கத்தை எழுத 16 பிட் மட்டுமே ஒதுக்கியிருந்தார்கள். 16 பிட்டில் எழுதக்கூடியது 65,536 இலக்கங்கள். அதை 512ஆல் பெருக்கினால் 32 மெகாபைட். அதற்கு அப்பால் இருக்கும் கட்டத்துக்கு இலக்கம் போடவே முடியாது. எனவே 40 மெகாபைட் தட்டை ஒரே வளவாகப் பாவிக்க வழியில்லை. துண்டாக்கியே ஆக வேண்டும்.

துண்டுகள் எங்கே ஆரம்பித்து எங்கே முடிகின்றன என்ற அளவுகளைத் தட்டை இயக்கும் நிரலுக்குள்ளேயே எழுதி வைத்தார்கள். எல்லையை மாற்ற வேண்டுமானால் நிரலையே மாற்ற வேண்டும். கலிபோர்னியாவின் பேர்க்லி பல்கலைக்கழகத்தில் வளர்ந்த பி.எஸ்.டி. கிளையில் துண்டுகளுக்கு எழுத்துகளால் பெயர் வைக்கும் வழக்கம் நிலைத்தது. 'ஏ' என்றால் ரூட், 'பி' என்றால் நினைவகம் போதாதபோது பாவிக்கும் ஸ்வாப், 'சி' என்றால் முழுத் தட்டு. 1988இல்தான் எல்லைகளைத் தட்டிலேயே எழுதி வைக்கும் முறை பி.எஸ்.டி.க்கு வந்தது. இன்றும் ஓப்பன் பி.எஸ்.டி. நிறுவினால் அதே ஏ, பி, சி திரையில் தெரியும்.

*மூன்றாவது வேலி: அயலவர்கள்*

ஐ.பி.எம். நிறுவனம் 1983 மார்ச் மாதத்தில் 10 மெகாபைட் வன்தட்டுடன் எக்ஸ்.டி. கணினியை வெளியிட்டது. ஒரே தட்டில் வெவ்வேறு பணிசெயல் முறைமைகள் சண்டையில்லாமல் குடியிருக்க வேண்டும் என்பதற்காகத் தட்டின் முதல் கட்டத்தில் ஓர் அட்டவணையை வைத்தார்கள். அந்தக் கட்டம் 512 பைட். அதில் அட்டவணைக்கு ஒதுக்கியது 64 பைட். ஒரு பிரிவின் விபரத்துக்கு 16 பைட். 64ஐ 16ஆல் வகுத்தால் 4. உலகமெங்கும் பல வருடங்களாக ஒரு தட்டில் நான்கு முதன்மைப் பிரிவுகளே போடலாம் என்ற சட்டம் இந்தச் சிறிய கணக்கிலிருந்து வந்தது.

நான்கு போதாமல் போனபோது, ஒரு பிரிவுக்குள் இன்னும் பல சிறு பிரிவுகளை அடக்கும் குறுக்குவழியைக் கண்டுபிடித்தார்கள். அந்த அட்டவணையில் கட்ட இலக்கத்துக்கு 32 பிட் இடம் இருந்ததால் 2 டெராபைட்டுக்கு மேல் அதனால் எண்ண முடியவில்லை. 1974இன் அதே சிக்கல் பெரிய உருவத்தில் திரும்பி வந்தது. இன்றைய கணினிகள் பாவிக்கும் ஜி.பி.டி. என்ற புதிய அட்டவணையில் வழமையாக 128 பிரிவுகளுக்கு இடமுண்டு.

லினக்ஸும் இப்படி அயல் வீட்டில் பிறந்த பிள்ளைதான். 1991இல் பின்லாந்து மாணவர் லினஸ் டொர்வால்ட்ஸ் மினிக்ஸ் என்ற முறைமை இருந்த கணினியில் தனது முறைமையை எழுதினார். அந்த வருட இறுதியில் ஒரு நாள், தொலைபேசி இணைப்புக்கு அனுப்ப வேண்டிய கட்டளையைத் தவறுதலாக வன்தட்டின் மினிக்ஸ் பிரிவுக்கு அனுப்பிவிட்டார். இலக்கங்கள் தொலைபேசிக்குப் போவதற்குப் பதிலாகத் தட்டில் எழுதப்பட்டன. மினிக்ஸ் அழிந்தது. அதைத் திரும்ப நிறுவாமல், இனி லினக்ஸிலேயே முழுவதும் வாழ்வது என்று அவர் முடிவெடுத்தார்.

இந்தக் கதையை வாசித்தபோது எங்களுக்குச் சற்று ஆறுதலாக இருந்தது. இவ்வளவு பெரிய ஆளுக்கும் கை தவறியிருக்கிறது. அவர் இழந்தது மீண்டும் நிறுவக்கூடிய ஒரு முறைமை. நாங்கள் இழந்தது அப்படிப்பட்டதாக இருக்கவில்லை.

*நான்காவது வேலி: மின்வெட்டும் நிரம்பி வழிதலும்*

மின்வெட்டைப் பற்றி இலங்கையருக்கு விளக்கத் தேவையில்லை. பழைய யுனிக்ஸில் கோப்பு எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால், அடுத்த முறை கணினி எழும்பும்போது தட்டு முழுவதையும் கட்டம் கட்டமாகப் பரிசோதிக்கும். தட்டு பெரிதானால் பரிசோதனையும் நீளும். மணித்தியாலங்கள் கூட எடுக்கலாம். எனவே ரூட்டைச் சிறிதாகப் பிரித்து வைத்தார்கள். அடிக்கடி எழுதப்படும் இடத்தில் சேதம் வந்தாலும் ரூட் தப்பும், கணினி எழும்பும், மிச்சத்தைத் திருத்தலாம்.

2001இல் லினக்ஸுடன் சேர்க்கப்பட்ட இ.எக்ஸ்.டி. 3 இந்தக் காரணத்தைப் பெருமளவு இல்லாமலாக்கியது. கடைக்காரர் சாமானைக் கொடுக்க முன்னர் கொப்பியில் குறித்துக்கொள்வது போல, செய்யப்போகும் மாற்றத்தை அது முதலில் ஒரு குறிப்பேட்டில் எழுதிவிடும். மின்சாரம் போய் வந்தால் குறிப்பேட்டை மட்டும் பார்த்தால் போதும். 2022இல் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்த நாட்களில், எமது கணினிகள் திரும்பத் திரும்ப அணைந்தும் மீண்டெழுந்ததற்கு இந்தக் குறிப்பேட்டு முறைக்கு நன்றி சொல்ல வேண்டும்.

நிரம்பி வழிதல் வேறொரு பிரச்சினை. முறைமை தனது பதிவேடுகளையும் மின்னஞ்சல்களையும் எழுதும் இடத்துக்கு 'வார்' என்று பெயர். மாறுபவை என்பதன் சுருக்கம். 1980களில் சன் நிறுவனத்தின் கணினிகள் வலையமைப்பு மூலம் ஒரே யு.எஸ்.ஆரைப் பலருக்குப் பகிர்ந்தன. பகிரப்படும் இடத்தில் எவரும் எழுதக்கூடாது என்பதால் எழுதப்படுபவற்றைப் பிரித்து வாருக்குள் வைத்தார்கள். ஒரு பதிவேடு கட்டுக்கடங்காமல் வளர்ந்தால் தட்டு முழுவதையும் நிரப்பி முறைமையையே முடக்கிவிடும். வாருக்குத் தனி வேலி இருந்தால் வெள்ளம் அந்த வேலிக்குள்ளேயே நிற்கும். பலர் பாவிக்கும் சேவைக் கணினிகளுக்கு இந்தக் காரணம் இன்றும் செல்லுபடியாகும்.

பாதுகாப்பும் ஒரு காரணம். ஒரு பிரிவில் இருக்கும் நிரல்கள் நிர்வாகியின் அதிகாரத்தைப் பெறக்கூடாது என்று அந்தப் பிரிவுக்கு மட்டும் விதி போடலாம். ஓப்பன் பி.எஸ்.டி. இன்றும் பெரிய தட்டில் தானாகவே பத்துக்குக் கிட்டிய பிரிவுகளைப் போடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

*ஐந்தாவது வேலி: கண் எட்டாத தூரம்*

1990களில் லினக்ஸ் நிறுவியவர்களுக்கு 1024 என்ற இலக்கம் மறக்காது. கணினியை எழுப்பும் பயோஸ் தட்டின் முதல் 1024 உருளைகளுக்கு அப்பால் வாசிக்காது. பழைய கணினிகளில் அது சுமார் 500 மெகாபைட், பின்னர் வந்தவற்றில் சுமார் 8 ஜிகாபைட். லினக்ஸின் கரு அந்த எல்லைக்கு வெளியே போய்விட்டால் கணினி எழும்பாது. எனவே தட்டின் ஆரம்பத்தில் 'பூட்' என்று ஒரு சின்னப் பிரிவு போட்டார்கள். அந்த எல்லை மறைந்து நீண்ட காலமான பின்னரும் எத்தனையோ வழிகாட்டிகள் "பூட்டை முதலில் போடு" என்று காரணம் சொல்லாமல் எழுதிக்கொண்டிருந்தன. தட்டு முழுவதையும் கடவுச்சொல்லால் பூட்டி வைப்பவர்களுக்குப் பூட் பிரிவு இன்றும் உதவுகிறது. ஆனால் அது வேறு காரணம்.

நினைவகத்தைப் போல இரண்டு மடங்கு ஸ்வாப் வேண்டும் என்ற விதியும் இப்படித்தான். நினைவகம் சில மெகாபைட்களாக இருந்த காலத்தில் அது பொருத்தம். இன்று 16 ஜிகாபைட் நினைவகம் உள்ள கணினியில் 32 ஜிகாபைட்டை ஒதுக்கி வைப்பவர், காரணம் தெரியாமல் பாட்டனின் அளவுச் சட்டையைத் தைக்கிறவர் போன்றவர்.

*எங்களது இரண்டாவது பிழை*

இவ்வளவையும் வாசித்த உற்சாகத்தில் நாங்கள் அடுத்த பிழையையும் செய்தோம். வேலியே இல்லாமல் இழந்தவர்கள் அல்லவா? இம்முறை ரூட், வார், டெம்ப், ஹோம் என்று கண்டபடி வேலி போட்டோம். பழைய வழிகாட்டியொன்றைப் பார்த்து ரூட்டுக்கு 10 ஜிகாபைட் கொடுத்தோம். சில மாதங்களில் இற்றைப்படுத்தல்கள் வந்து ரூட் நிரம்பிவிட்டது. தட்டில் 300 ஜிகாபைட்டுக்கு மேல் சும்மா கிடக்கிறது, கணினியோ இடமில்லை என்று சொல்கிறது. வளவில் வேலியை நகர்த்துவது எவ்வளவு சங்கடமோ, நிரம்பிய தட்டில் எல்லையை நகர்த்துவதும் அவ்வளவு சங்கடம்.

இந்தச் சங்கடத்தை வல்லுநர்களும் அறிந்திருந்தார்கள். 1998 முதல் லினக்ஸில் வளர்ந்த எல்.வி.எம்., பிரிவுகளைப் பிற்பாடு பெருப்பிக்க வழி செய்தது. சன் நிறுவனம் 2005இல் திறந்துவிட்ட சட்.எஃப்.எஸ். இன்னும் ஒரு படி போய், எல்லாப் பிரிவுகளும் ஒரே பொதுக் குளத்திலிருந்து தேவைக்கேற்ப இடத்தை எடுக்கும்படி செய்தது. பிரிவு இருக்கும், ஆனால் முன்கூட்டியே அளவு சொல்லத் தேவையில்லை. ஃபெடோரா 2020இல் தனது மேசைக் கணினிப் பதிப்புகளில் இதே எண்ணம் கொண்ட பி.டி.ஆர்.எஃப்.எஸ்.ஸை வழமையாக்கியது.

*இன்று எந்த வேலி மிஞ்சுகிறது?*

ஐந்து காரணங்களையும் வரிசையாக வைத்துப் பாருங்கள். இடம் போதாமை போய்விட்டது. எண் போதாமை போய்விட்டது. பயோஸின் பார்வைக் குறைவும் போய்விட்டது. மின்வெட்டுப் பயம் குறைந்துவிட்டது. நிரம்பி வழிதல் சேவைக் கணினிகளுக்கு உரியது. இரண்டு முறைமைகளை ஒரே கணினியில் வைப்பவருக்கு அயலவர் வேலி தேவை.

வீட்டுக்கும் பாடசாலைக்கும் மிஞ்சுவது ஒரேயொரு வேலி. அது 1970களின் ஆரம்பத்திலேயே, அவர்கள் நினைத்தோ நினைக்காமலோ போட்ட முதல் வேலி: முறைமை ஒரு பக்கம், மனிதர்களின் கோப்புகள் மறுபக்கம். முறைமையை எத்தனை தடவையும் இலவசமாகத் தரவிறக்கலாம். ஒரு மூத்தவரின் குரலைத் தரவிறக்க முடியாது.

எனவே எமது கணினி அறையில் இப்போது பின்பற்றும் முறை இதுதான். 500 ஜிகாபைட் தட்டில் கணினி எழும்புவதற்கான சிறிய பிரிவு ஒன்று. ரூட்டுக்குத் தாராளமாக 60 ஜிகாபைட். ஸ்வாப்புக்குத் தனிப் பிரிவு போடாமல் ரூட்டுக்குள் ஒரு கோப்பு. மிச்சம் முழுவதும் ஹோம். புதிய பதிப்பை நிறுவும்போது பிரிவுகளை நாங்களே தெரிவு செய்யும் வழியை எடுக்கிறோம். ரூட்டை மட்டும் அழிக்கச் சொல்கிறோம். ஹோமுக்குப் பக்கத்தில் உள்ள அழிக்கும் பெட்டியில் அடையாளம் இல்லை என்பதை இருவர் பார்த்த பின்னரே அடுத்த பொத்தானை அழுத்துகிறோம்.

ஒன்றை மட்டும் மறந்துவிடாதீர்கள். வேலி ஒரு பிரதி ஆகாது. தட்டே பழுதானால் வேலியின் இரு பக்கமும் சேர்ந்தே போகும். ஹோமைத் தனியே வைத்தவரும் இன்னொரு தட்டில் ஒரு பிரதி வைக்க வேண்டும், அதுவும் வேறொரு கட்டடத்தில். எங்களிடம் அன்று ஒரு யு.எஸ்.பி.யில் பிரதி இருந்திருந்தால் இந்த நீண்ட பதிவுக்கே தேவை வந்திருக்காது.

கடைசியாக ஒரு வேண்டுகோள். அந்தப் பதிவுகளை எடுத்த நாட்களில் சில மாணவர்கள் தமது தொலைபேசிகளுக்கும் அனுப்பிக்கொண்டதாக ஞாபகம். பழைய தொலைபேசியோ மெமரி கார்டோ அலுமாரியில் கிடந்தால், எறிந்துவிட முன்னர் ஒரு தடவை திறந்து பாருங்கள். ஒரு நிமிடத் துண்டு கிடைத்தாலும் கொண்டுவந்து தாருங்கள். அந்த இரு மூத்தவர்களின் குடும்பத்தாரும் நாங்களும் காத்திருக்கிறோம்.